வயதைக் கூட்டித் தர மாட்டோம்

எங்கள் அண்ணிக்குப் பொறுமை கிடையாது. இதைப் புகாராகச் சொல்லவில்லை, அடையாளத்துக்காகச் சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் வந்து, "சண்டைக்காரி பார்லர் எங்கே?" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட எங்கள் மாடிப்படியைக் காட்டும். தெருவில் அவளுக்குக் கத்தரிக்கோல் அக்கா என்று பெயர். கையில் பிடிக்கிற கத்தரிக்கோலுக்காக வைத்த பெயர் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது வாய்க்காக வைத்த பெயர்.

நான் அவளுடைய நாத்தனார். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்படியில் நின்றாலே பாத்திரம் பறக்கும் என்பார்கள். நாங்கள் ஒரே கடையில் வேலை பார்க்கிறோம். கடை திறந்த புதிதில், "இது எங்கே உருப்படப் போகுது" என்று தெருவே வேடிக்கை பார்த்தது. அண்ணி கிழக்கு என்றால் நான் மேற்கு என்பேன். அவள் சீப்பைக் கேட்டால், "கண்ணு முன்னாடிதானே இருக்கு, எடுத்துக்கோங்க" என்பேன். பகை எல்லாம் இல்லை, நாக்கு அப்படிப் பழகிவிட்டது. இந்தப் பழக்கத்தால் ஒருநாள் குடி முழுகப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் கடை ஒன்றும் பெரிய கடை இல்லை. கீழே டீக்கடை, மேலே நாங்கள். இரண்டு நாற்காலி, முகத்துக்குப் பூச்சு போட்டுவிட்டுச் சாய்ந்துகொள்ள ஒரு கட்டில், தலை கழுவ ஒரு தொட்டி, காத்திருப்பவர்களுக்கு ஒரு சோபா, வாசலில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஆண்கள் வரக்கூடாது. அண்ணி வைத்த சட்டம் அது, அவள் புருஷனுக்கும் சேர்த்துத்தான். என் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன். அத்தனை பெரிய வண்டியைச் சந்தில் திருப்புகிற மனுஷன், சாவியை மறந்து வைத்துவிட்டால் மூன்றாவது படியில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பான்.

அண்ணி இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஒரு பார்லரில் தரை கூட்டப் போனாள். அங்கே முதலாளியம்மா, "உனக்கெல்லாம் இந்த வேலை வராது" என்றிருக்கிறாள். வராது என்று எங்கள் அண்ணியிடம் சொல்லக்கூடாது. ஒரு வருஷம் தன் காலில் இருந்த முடியிலேயே நூல் பிடித்துப் பழகினாள். இன்றைக்கு அந்த முதலாளியம்மாவின் மகளே எங்களிடம்தான் புருவம் திருத்த வருகிறாள். கணக்கில் அண்ணியை ஃபெயிலாக்கிய டீச்சரம்மாவும் எங்கள் வாடிக்கைதான். "அன்னைக்கு என் பேப்பரை நீங்க திருத்தினீங்க, இன்னைக்கு உங்க முகத்தை நான் திருத்துறேன்" என்று சொல்லிச் சொல்லியே பூச்சைத் தடவுவாள். பூச்சு காய்கிறவரை வாயைத் திறக்கக்கூடாது என்பதால் டீச்சரம்மாவால் பதில் சொல்ல முடியாது.

புருவம் திருத்தும்போது அண்ணி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்திலாவது வாய் மூடியிருக்கும். இவள் பல்லைக் கடித்தபடியே, உதடு அசையாமல் பேசக் கற்றுவைத்திருக்கிறாள். வாடிக்கையாளரின் காதுக்கு மட்டும் கேட்கும். மாமியார் கதை, மருமகள் கதை எல்லாம் அப்படித்தான் அந்த நாற்காலியில் கைமாறும்.

அன்றைக்குப் பிற்பகல், டீச்சரம்மா கட்டிலில் வெள்ளைப் பூச்சோடு சாய்ந்திருந்தாள். நான் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். நடுத்தர வயது, நல்ல துணி, கையில் பழப்பை, முகத்தில் சிரிப்பு. என்னைக் "கண்ணு" என்று கூப்பிட்டாள். பிள்ளை பிடிக்கிறவன் என்றால் முரட்டு மீசையும் கன்னத்தில் வெட்டுக்காயமுமாக வருவான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் சும்மா. பார்த்தவுடன் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை பேசத் தோன்றுகிற முகம் அவளுக்கு.

அவளுக்குப் பின்னால் ஒரு பெண் பிள்ளை. சுருட்டை முடி, குச்சிக் கை, உடம்பில் நிற்காத புதுச் சட்டை. "அக்கா மகள். பதினெட்டு முடிஞ்சிருச்சு, பாக்கத்தான் பொடிசா இருக்கா" என்றாள் அந்தச் சித்தி. "வெளியூர்ல பெரிய கடையில வேலை கிடைச்சிருக்கு. சாயங்கால ட்ரெயின்ல கூட்டிட்டுப் போறேன். போனதும் போட்டோ எடுப்பாங்க. கொஞ்சம் பெரிய பொண்ணா தெரியற மாதிரி பண்ணிவிடுங்க. புருவம், மேக்கப், எல்லாம். பாவம், பார்லர் பக்கமே வந்ததில்ல."

அண்ணி பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் வயதைக் குறைக்கச் சொல்லித்தான் வருவார்கள். ஐம்பதை நாற்பதாக்கு, நாற்பதை முப்பதாக்கு என்பார்கள். டீச்சரம்மா எத்தனை வருஷமாக நாற்பத்தைந்திலேயே நிற்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும். வயதைக் கூட்டச் சொல்லி அந்தப் படியேறி வந்தது இந்தச் சித்தி ஒருத்திதான்.

"உக்கார வைங்க" என்றாள் அண்ணி.

பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தது. அண்ணி நூலைப் பிரித்தாள். அவ்வளவுதான், பிள்ளையின் இரண்டு கையும் தானாக மேலே போய், ஒரு கை நெற்றியையும் ஒரு கை கண்ணிமையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. புருவம் திருத்தத் தோலை அப்படித்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் முதல்முறை வருகிற யாருக்கும் அது தெரியாது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வலிக்குமா?" என்று கேட்பார்கள். நாங்கள்தான் கையை எடுத்து வைத்துச் சொல்லித்தர வேண்டும். பார்லர் பக்கமே வராத பிள்ளைக்கு யார் சொல்லித்தந்தது?

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அண்ணி நாற்காலியைச் சுற்றி வந்து, சித்திக்கு முதுகைக் காட்டி நின்றாள். நூலைப் பல்லில் கடித்தாள். சித்தி சோபாவிலிருந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடியிலும் அண்ணியின் குனிந்த தலைதான் தெரிந்திருக்கும். தொட்டியருகே இருந்ததால் எனக்குப் பாதி கேட்டது.

"பயப்படாத. வாயை அசைக்காமப் பேசு. அவங்க உன் சித்தியா?"

"இல்ல."

"எத்தனாவது படிக்கிற?"

"ஏழு முடிச்சேன்."

"அம்மா?"

பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நல்லவேளை, புருவம் எடுக்கும்போது எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். சித்தி சோபாவில் இருந்தபடியே, "கொஞ்சம் பொறுத்துக்கோடா தங்கம்" என்று கொஞ்சினாள். அந்தத் தங்கத்தைக் கேட்டபோது கையில் இருந்த வாளியை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

"அம்மாகிட்டப் போகணும்" என்றது பிள்ளை. "சொன்னேன்னு தெரிஞ்சா அடிப்பாங்க. கீழ ஒருத்தர் நிக்கிறார்."

எதற்காகக் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்கும் புரிந்தது, உங்களுக்கும் புரிந்திருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு நாம் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோமே, அதில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. நான் சொல்லிவிடுகிறேன். குழந்தையை உடம்புக்காக விற்கிற வியாபாரம் அது. சாயங்காலம் அந்த ரயிலில் ஏறிவிட்டால் பிள்ளை எந்த ஊருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது.

அண்ணி நூலை வாயிலிருந்து எடுத்தாள். முகத்தில் ஒரு மாற்றம் இல்லை. பிள்ளையின் முடியைக் கையில் அள்ளிப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"ஏங்க, இந்தச் சுருட்டையை வச்சுக்கிட்டு நான் எவ்வளவு பூசினாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிதான் இருப்பா. முடியை நேராக்கி விட்டாத்தான் பெரிய பொண்ணா தெரியும். புதுசா ஒரு க்ரீம் வந்திருக்கு. பண்ணிவிடவா?"

"நேரம் ஆகுமா?"

"ட்ரெயினுக்கு முன்னாடி முடிச்சுடலாம்."

சித்தி எழுந்துவந்து பிள்ளையின் முடியைத் தொட்டுப் பார்த்தாள். துணிக்கடையில் சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். "சரி, பண்ணு" என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "ஏய், க்ரீம் தீந்துபோச்சு. கீழ போய் வாங்கிட்டு வா."

அலமாரியில் என் கண்ணுக்கு நேராக இரண்டு டப்பா இருந்தது. என் நாக்கு இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது? "ரெண்டு டப்பா இருக்கே அண்ணி!" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. சித்தி அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கீழே இறங்கியது. நான் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று நின்றேன்.

"அது தேதி போன டப்பாடி!" என்று அண்ணி கத்திய கத்தலில் டீச்சரம்மாவே கட்டிலில் துள்ளினாள். "தேதி போனதைத் தூக்கிப் போடுன்னு எத்தனை தடவை சொல்றது? ஒண்ணு சொன்னா ஒம்போது பதில்! புகுந்த வீட்ல எனக்குன்னு வாய்ச்சிருக்கு பாருங்க நாத்தனார்! உங்க வீட்லயும் இப்படித்தானாங்க?"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லா வீட்லயும் இப்படித்தான் கண்ணு" என்றாள். அண்ணி நாத்தனார் சண்டையைச் சந்தேகப்படுகிற மனுஷி இன்னும் பிறக்கவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கினேன். பாதிக் கோபம் நடிப்பு, பாதி நிஜம். அத்தனை பேர் முன்னால் அப்படியா கத்துவது?

கீழே டீக்கடை வாசலில் ஒரு வேன் நின்றது. அதில் சாய்ந்துகொண்டு ஒருத்தன், டீ குடிக்கிற சாக்கில் எங்கள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைத் தாண்டி நேராகக் கடைக்குள்ளே போனேன். "மாஸ்டர், சர்க்கரை மூட்டை வைக்கிற ரூமைக் கொஞ்சம் திறங்க" என்றேன். டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை, திறந்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தார். உள்ளேயிருந்து குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தேன்.

அந்த முனையில் பேசிய பெண் பதறவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறது, கூட யார், எந்தத் தெரு, வேனின் நிறம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். "போலீஸையும் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புறோம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளையை அங்கேயே வச்சுக்க முடிஞ்சா வச்சுக்கங்க. உங்களுக்கு ஆபத்துன்னா ஒதுங்கிடுங்க. நீங்களா சண்டை மட்டும் போடாதீங்க."

"அதை எங்க அண்ணிகிட்ட யாருங்க சொல்றது?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கிறதுக்காகச் சொல்லவில்லை.

மாஸ்டர் கடையிலிருந்து ஏதோ ஒரு காகிதப் பையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே போனேன். அண்ணி அதை வாங்கி அலமாரிக்கு அடியில் வைத்துவிட்டு, வேறொரு கிண்ணத்திலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துப் பிள்ளையின் தலை முழுக்கப் பூச ஆரம்பித்தாள். வாசனையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது தலை கழுவினபின் போடுகிற வெறும் கண்டிஷனர். முடியைச் சீவிச் சீவிப் பாத்தி கட்டி, பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினாள். பிறகு சித்தியிடம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"இனிமே நான் சொல்றவரைக்கும் இவ எழுந்திருக்கக்கூடாது. பாதியில எழுந்தாலோ, சரியாக் கழுவாம விட்டாலோ முடி கொத்துக்கொத்தா கையோட வந்துடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

பிள்ளையின் கண் விரிந்தது. அடுத்த முறை நான் பார்த்தபோதும் அதே இடத்தில், கழுத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு நேரம் நகரவே இல்லை. அண்ணி உறையைத் திறந்து பார்ப்பாள், "இன்னும் பிடிக்கல" என்பாள், மூடுவாள். சித்தியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மெல்லிய குரலில், "வந்துட்டே இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணு, தங்கம் எல்லாம் போய், "இன்னும் எவ்வளவு நேரம்?" மட்டும் மிச்சமிருந்தது. அண்ணிக்குப் பொறுமை கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? அன்றைக்கு அவள் காட்டின பொறுமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கடைசியில் வேன்காரன் படியேறி வந்துவிட்டான். திரைக்கு வெளியே நின்று, "என்ன பண்றே உள்ள? ட்ரெயினுக்கு நேரமாச்சு. அப்படியே தலையில துண்டைக் கட்டி இழுத்துட்டு வா" என்றான்.

"இப்ப எழுந்தா முடி போயிடுமாம்யா!" என்று சித்தி கத்தினாள். பதற்றத்தில் எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். "மொட்டைத் தலையோட கொண்டுபோய் நிறுத்தினா அவங்க வேணாம்னுடுவாங்க. கொடுத்த காசை நீயா திருப்பித் தருவே?"

கட்டிலில் டீச்சரம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

வேன்காரன் திரையைப் பிடித்து இழுத்தான். அண்ணி அதற்குள் போய் வாசலில் நின்றுவிட்டாள். கையில் கத்தரிக்கோல்கூட இல்லை, ஒரு சீப்புதான் இருந்தது.

"திரைக்கு இந்தப் பக்கம் எம் புருஷனே வந்ததில்ல. நீ யாருடா?"

"நகரு."

"நகர மாட்டேன். என் கடை, என் நாற்காலி. அதுல உக்காந்திருக்கிற பிள்ளையை என் தலையைத் தாண்டித்தான் தூக்கணும்."

அவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் சுவரில் மோதினாள். நான் தலை கழுவுகிற குழாயை எடுத்து, முழு வேகத்தில் திறந்து அவன் முகத்தில் பிடித்தேன். சித்தி என் முடியைப் பிடித்தாள். அந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வந்து நடுவில் நின்றாள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, தலையில் பட்டை, கழுத்தில் துண்டு. வாயைத் திறந்தாள், பூச்சு பாளம்பாளமாக வெடித்து உதிர்ந்தது.

"முப்பது வருஷமா பிள்ளைங்களைப் பார்க்கிறேன். இது பதினெட்டா? இது பதினெட்டாடா?"

அந்தக் குரல் வகுப்பறைக்குக் கட்டியெழுப்பின குரல். தெருக்கோடி வரை கேட்டது. கீழேயிருந்து டீ மாஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஏறி வந்து படியை அடைத்துக்கொண்டார்கள். வேன்காரன் ஈரச் சட்டையோடு இறங்க வழியில்லாமல் நடுப்படியில் நின்றான். உதவி எண் ஆட்களும் போலீஸும் வந்தபோது அவனையும் சித்தியையும் பிடிக்க யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை.

வந்த அதிகாரி அம்மா பிள்ளையின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, "என்கூட வர்றியாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிள்ளை அசையவில்லை. அண்ணியை மட்டும் பார்த்தது.

"நான் இப்ப எழுந்திரிக்கலாமா அக்கா? முடி கொட்டிடுமா?"

அத்தனை அடிதடியிலும் அது நாற்காலியை விட்டு எழவில்லை. ஓடி ஒளியவும் இல்லை. நாங்கள் சித்திக்குச் சொன்ன பொய்யை அதுவும் நம்பி, முடி கொட்டப்போகிறது என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறது. அண்ணிக்கு முகம் கோணிக்கொண்டு போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"வெறும் கண்டிஷனர்டி ராசாத்தி. ஒரு முடி போகாது. நல்லா பளபளன்னு இருக்கும்."

தலையைக் கழுவாமல் அனுப்ப மாட்டேன் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டாள். ஜீப் கீழே காத்திருந்தது. அண்ணி வெதுவெதுப்பான தண்ணீரில் பிள்ளையின் தலையைக் கழுவி, துடைத்து, சுருட்டை கலையாமல் இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளையாகவே படியிறங்கிப் போனது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நல்லது செய்தவளைத் தெரு தலையில் தூக்கி வைத்து ஆடும் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமே கட்டட ஓனர் வந்தார். "கேஸு கீஸுன்னு போலீஸ் ஏறி இறங்கினா கட்டடத்துக்குப் பேரு கெட்டுடும்மா" என்றார்.

"போர்டுல என் பேருதானே சார் இருக்கு? கெட்டா அது கெடட்டும். உங்க பேரைப் பத்திரமா வீட்லயே வச்சுக்கங்க."

பிறகு மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருத்தர் வந்து படியில் நின்று, மிக மரியாதையாகப் பேசினார். சாட்சி சொல்லக் கூப்பிடும்போது, பார்க்கப் பெரிய பொண்ணாகத்தான் இருந்தாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். "நீங்களும் தொழில் நடத்தணும்ல?" என்றார். அண்ணி அவருக்கு வழியைக் காட்டினாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கடையின் முன்கண்ணாடி உடைந்து கிடந்தது.

அன்று என் அண்ணன் முதல்முறையாகக் கோபப்பட்டான். "நமக்கெதுக்கு ஊர் வம்பு? நான் பாட்டுக்கு ரோட்டுல வண்டி ஓட்டுறேன். நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஊர் வம்பா? ஊர்ல இருந்தா ஊர் வம்பு. என் நாற்காலியில வந்து உக்காந்தா அது என் வம்பு." கண்ணாடிச் சில்லுகளை முறத்தில் அள்ளிக்கொண்டே சொன்னாள். "நான் பயந்து வாயை மாத்திட்டா அந்தப் பிள்ளை சொன்னது பொய்யாயிடும். அது அவ்வளவு பயத்துலயும் எழுந்திருக்காம உக்காந்திருந்துச்சு. நான் எழுந்து ஓடவா?"

சாயங்காலம் அண்ணன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அடித்துவிட்டுப் போனான். படியில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் அடித்தான். அந்தப் பலகையில் அண்ணி கொட்டை எழுத்தில் எழுதிவைத்தாள்: "இங்கே வயதைக் குறைத்துத் தருவோம். கூட்டித் தர மாட்டோம்." கீழே உதவி எண்ணை அதைவிடப் பெரிதாக எழுதினாள்.

சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். போனாள், பார்த்ததைச் சொன்னாள், வந்து கடையைத் திறந்தாள். வழக்கு இன்னும் நடக்கிறது. பிள்ளை அதன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதிகாரி அம்மா சொன்னாள். அதற்கு மேல் நாங்கள் விசாரிக்கவில்லை. நம்மை நினைத்தால் அதற்கு அந்த நாளும் ஞாபகம் வரும், நம்மை மறந்தால்தான் நல்லது என்றாள் அண்ணி.

ஆனால் அவளுக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. கையைத் தூக்கி இமையை இழுத்துப் பிடிக்க அந்தப் பிள்ளைக்கு ஏதோ ஒரு பார்லர்காரிதானே சொல்லித்தந்திருக்கிறாள்? நம்மை மாதிரி ஒருத்திதானே புருவம் திருத்தி, வயதைக் கூட்டி அனுப்பியிருக்கிறாள்? "அவ கெட்டவளா இருக்க மாட்டா. கேக்கத் தோணலை, அவ்வளவுதான்" என்பாள். சொல்லும்போது பல் நறநறக்கும்.

அழகுசாதனக் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் புதுச் சரக்கைச் செய்து காட்டுவார்கள். இலவச சாம்பிள் என்றால் நகரத்துப் பார்லர்காரிகள் ஒருத்தி பாக்கியில்லாமல் வருவார்கள். அந்த வருஷம் கம்பெனிக்காரன் க்ரீமைப் பற்றிப் பேசி முடித்ததும், அண்ணி மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னாள். சபையில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள், மீதிப் பேர் சாம்பிள் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் ஏசி பார்லர் வைத்திருக்கிற அம்மா எழுந்தாள்.

"பொம்பளைங்ககிட்ட வயசு கேட்டா எந்தக் கஸ்டமர் வருவா? நம்ம தொழிலே படுத்துடும்."

"வயசைக் கேக்க வேணாம்க்கா. கண்ணால பாருங்க. பிள்ளையைப் பேசவிடாம கூட வந்தவளே பதில் சொல்றாளா பாருங்க. பிள்ளை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவ முகத்தைப் பாக்குதா பாருங்க. நாமளும் அவங்களும் முகத்துக்கு முகம் இவ்வளவு பக்கத்துல இருக்கோம். வேற எந்தத் தொழில்ல இது இருக்கு? கண்டுபிடிச்சா நீங்க சண்டை போடாதீங்க, அதை நான் போட்டுக்கறேன். போன் மட்டும் பண்ணுங்க. கூட வந்தவ பக்கத்துலேயே இருந்தா, எங்ககிட்ட க்ரீம் தீந்துபோச்சு, உங்ககிட்ட இருக்கான்னு கேளுங்க. நாங்க புரிஞ்சுக்கறோம்."

ஏசி பார்லர் அம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி ஆயிடுச்சு" என்று நான்தான் புலம்பிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் ஒரு முற்பகல். அண்ணி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் புருவத்தில் இருந்தாள். கடைப் போன் அடித்தது. நான் எடுத்தேன். பழக்கமான குரல், ஆனால் நடுங்கியது.

"மெயின் ரோட்டு பார்லர்லேருந்து பேசறேன்மா. முடி நேராக்குற க்ரீம் எங்ககிட்ட தீந்துபோச்சு. உங்ககிட்ட இருக்கா?"

அவள் கடையில் க்ரீம் தீர்ந்துபோவதாவது! சுவர் முழுக்க அடுக்கி வைத்திருப்பாள். நகரத்துக்கே சரக்கு அங்கிருந்துதான் போகும். என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லால் கடித்துப் பிடித்தேன்.

"இருக்கு. நீங்க இருக்கறதைத் தலையில பூசிட்டு, மூடி உக்கார வைங்க. அவசரப்படாதீங்க. நாங்க கொண்டு வர்றோம்."

அண்ணி நூலைக் கீழே போட்டாள். பாதிப் புருவத்தோடு இருந்த பெண் கண்ணைத் திறந்து, "என்னாச்சுக்கா?" என்றாள். அண்ணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் உதவி எண்ணை அழுத்திக்கொண்டே அவள் பின்னால் படியிறங்கினேன்.

இப்போது அந்த க்ரீம் வாக்கியத்தை மாற்றிவிட்டோம். இதைச் சித்திகளும் படிப்பார்கள் இல்லையா? புது வாக்கியம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நகரத்துப் பார்லர்காரிகள் எல்லாருக்கும் அது தெரியும்.